எடப்பாடியில் நான் குரைத்த மத்தியானம்

எடப்பாடிக்குப் போக வேண்டிய நான் ஆத்தூரில் போய் இறங்கினேன். ஒன்று மேற்கே, மற்றது கிழக்கே; நடுவில் சேலம். சேலம் பேருந்து நிலையத்தில் ஒரு வண்டியில் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. காலி இருக்கையைக் கண்டபிறகும் நின்று பலகையைப் படிக்கிற பொறுமை எனக்கு இந்த ஐம்பத்து மூன்று வயதுவரை வரவில்லை. நடத்துநர் வந்து கை நீட்டியபோது, ஊருக்குப் புதியவன் என்று காட்டிக்கொள்ளக் கூடாதே என்ற வீம்பில், "கடைசி ஸ்டாப் ஒண்ணு" என்றேன். அவரும் நியாயமாகக் கடைசி நிறுத்தத்துக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

இறங்கிய இடத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. டீக்கடையில், "எடப்பாடி இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்த வழியே சேலம் போ சார். அங்கேருந்து அந்தப் பக்கம் இன்னும் போவணும். மொதல்ல டீயக் குடி."

எனக்கு நெஞ்சு படபடத்தது. படபடப்புக்கு என்னிடம் இருக்கும் வைத்தியம் ஒன்றுதான். சட்டைப்பையிலிருந்து தலைவலித் தைலத்தை எடுத்து நெற்றி, மூக்கு, பிடரி, தோளில் கிடக்கும் துண்டு என்று கைக்கு எட்டிய இடமெல்லாம் தேய்த்துவிடுவேன். வீட்டில் நான் எந்த அறையில் இருக்கிறேன் என்பதை என் மனைவி தங்கம் மூக்கால்தான் கண்டுபிடிப்பாள்.

அப்போது கைப்பேசி அடித்தது. எடப்பாடியில் எனக்காகக் காத்திருந்த பழனியம்மாள்.

"ஏனுங்ணா, எங்கீங்க வந்துட்டு இருக்கீங்க?"

"ஆத்தூர்ல இருக்கேம்மா."

"அங்க என்னுங்க பண்றீங்க?"

"டீ குடிக்கேன்."

"சரீங்க. குடிச்சுப்போட்டு நெதானமா வாங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார் என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பார்.

டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. "பாதை மாறி வந்தவன்கிட்ட எப்படி சார் வாங்கறது" என்றார். திரும்பி வந்து சேலத்தில் இறங்கியதும் பசி. தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவல், இரண்டு நிறச் சட்னி. அதை ஒரே வாயில் போட வேண்டும் என்று பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பெண் சொல்லிக் கொடுத்தாள். தூத்துக்குடிக்காரன் மக்ரூனை வாயில் போட்டுக் கரையவிட்டே வளர்ந்தவன். கடிக்க வேண்டிய பண்டம் என்றால் தாடைக்கு அதிர்ச்சி. மூன்றாவது தட்டில் தாடை சமாதானமாகிவிட்டது.

துறைமுகத்தில் முப்பது வருடம் கோப்பு தள்ளியவனுக்கு எடப்பாடியில் என்ன வேலை? விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, தங்கத்துக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த மூன்று ஏக்கர் செவற்காட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டோம். ரிக் வண்டி சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தது. அந்த வண்டியின் ஓட்டுநர் சேகர், தூசிக்கு நடுவில் நின்றுகொண்டு தன் மனைவி பழனியம்மாள் வளர்க்கும் மேச்சேரி ஆடுகளின் படங்களைக் கைப்பேசியில் காட்டினார். வெளுத்த செங்கல் நிறம், கொம்பில்லாத தலை, மெல்லிய கால்.

"மான் மாதிரில்லா இருக்கு!" என்றாள் தங்கம்.

"நம்ம ஜில்லாவுலயே நல்ல செம்மறி இருக்கே, பொட்டு பொட்டா..." என்றேன்.

"பொட்டு நான் வச்சுக்கிடுதேன். ஆடு இதுதான்."

பூமியில் தண்ணீர் வருவதற்கு முன்பே முடிவு வந்துவிட்டது. சேகர்தான் எச்சரித்தார். "எங்கூட்டுல பொட்டை ஆட்ட லேசுல தரமாட்டாங்க. சந்தைக்குக் கெடாதான் போகும், பொட்டை போகாது. நீங்க ஒரு வாரம் போய்ப் பட்டியில நில்லுங்க. அவளுக்குச் சரின்னு பட்டா ஆறு ஆடு குடுப்பா." அந்தப் பேச்சுக்கு மறுநாளே தங்கம் கொட்டகைக்குக் கால் நட்டாள். தெரு முழுக்கச் சொல்லியும்விட்டாள். வெறுங்கையோடு திரும்பினால் நான் அந்தக் கொட்டகையில்தான் குடியிருக்க வேண்டும்.

எடப்பாடிக்கு வெளியே, பழனியம்மாளின் பட்டிக்கு அடுத்தாற்போல, விசைத்தறிக்காரர் முருகேசன் வீட்டு மாடியில் எனக்கு இடம் கிடைத்தது. கீழே தறிக்கூடம். டடக் டடக் என்று கட்டில் ஆடும். முதல் நாள் பகல் தூக்கத்தில் திடுக்கிட்டு விழித்தேன். என்னவென்று பார்த்தால் சத்தம் நின்றிருந்தது. மின்சாரம் போயிருக்கிறது. எங்கள் ஊரில் கடல் சத்தம் நின்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பழனியம்மாளுக்கு நாற்பது வயது இருக்கலாம். புடவைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. ஆட்டையும் சாமி என்பார், என்னையும் சாமி என்பார். யாரைக் கூப்பிடுகிறார் என்று நானும் ஆடும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்ப்போம். முப்பது ஆடுகள். முதல் காலை நான் ஐந்தரை மணிக்கே குளித்துத் தயாராகப் பட்டிக்குப் போய், ஆர்வக் கோளாறில் படலைத் திறக்கப் போனேன்.

"அய்யய்யோ, உடாதீங்க! பனி காயட்டுமுங்க. ஈரப் புல்லத் தின்னா வயித்துல புழு வெக்கும்."

அன்றைய பாடம் அப்படித் தொடங்கியது. கண்ணிமையைப் பிதுக்கிப் பார். வெளுத்திருந்தால் ரத்தம் இல்லை. புழுக்கை உருண்டையாக இருக்கிறதா பார். தலையை எண்ணாதே, ஆடு தலையைக் குனிந்துகொள்ளும், முதுகை எண்ணு. நான் எண்ணினேன். இருபத்தெட்டு. மறுபடி எண்ணினேன். முப்பத்து மூன்று. "நடுவால எடுத்துக்கலாமுங்க" என்றார் பழனியம்மாள்.

ஒரு பாடத்தை மட்டும் இரண்டு முறை சொன்னார். மேய்ச்சல் காட்டுக்கு வடக்கே வேலிக்கு அப்பால் குச்சிக்கிழங்கு வயல். எங்கள் ஊர்ப் பேச்சில் மரவள்ளி. "பச்சத் தழைய வயிறு முட்டத் தின்னா ஆடு அங்கயே உழுந்துரும். காய வெச்சாத்தான் தீனி, பச்சையா வெசம். அந்த வேலிமேல கண்ணு இருக்கோணும்." இதைக் கேட்டதும் நான் தைலத்தை எடுத்தேன்.

மத்தியானச் சாப்பாடு அரிசியும் பருப்பும் சாதம், நெய், கொள்ளுத் துவையல். மீன் இல்லாமல் ஒரு வேளை கழிந்தாலே முகம் வாடுகிற ஆள் நான். அங்கே ஒரு வாரமும் மீனை நினைக்கவில்லை. கொள்ளு தின்றால் கொழுப்பு கரையும் என்று முருகேசன் என் வயிற்றைப் பார்த்தபடி சொன்னார். "உங்களுக்கு இன்னொரு கரண்டி போடச் சொல்லட்டுங்களா?"

மூன்றாம் நாள்தான் வினை.

ரேஷன் கடையில் ரேகை வைக்க வேண்டும், இன்று விட்டால் சர்க்கரை போய்விடும் என்று பழனியம்மாள் மொபெட்டை எடுத்தார். "ஒரு மணி நேரமுங்க. சும்மா நின்னு பாத்துக்கிட்டாப் போதும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்." இந்தக் கடைசி வாக்கியத்தை நான் கல்லில் வெட்டி வைத்திருக்க வேண்டும்.

நான் குச்சிக்கிழங்கு வேலியைப் பார்த்து, காவல் நிலையத்து வாசலில் நிற்பவரைப் போல விறைப்பாக நின்றேன். ஓர் ஆடு அந்தப் பக்கம் தலை திருப்பினாலும் "ஏய்!" என்றேன். அரை மணி நேரம் கழித்து முதுகுக்குப் பின்னால் முனகல் கேட்டது. திரும்பினால், கருவேல நிழலில் மொட்டக்காதி என்கிற ஆடு படுத்திருந்தது. பெயருக்கேற்ப அதற்குக் காது மொக்குவிட்டது போல் குட்டையாக இருக்கும். தலையீற்று, அதாவது முதல் பிரசவம். பாதிக் குட்டி வெளியே வந்திருந்தது.

முப்பது வருடம் கப்பல்களுக்குக் கோப்பு எழுதியிருக்கிறேன். ஒன்றாவது இப்படிப் பாதியில் நின்றதில்லை. கைப்பேசியில் காணொளி தேடினேன். அதில் ஓர் ஆள் தெளிவாகச் சொன்னார்: பிறந்த குட்டியைச் சுத்தமான துணியால் துடைக்கவும். அவர் பேசி முடிப்பதற்குள் மீதிக் குட்டியும் மண்ணில் விழுந்தது. மொட்டக்காதி களைப்பில் எழவில்லை. நான் பாய்ந்தேன். தண்ணீர் புட்டியைத் திறந்து குட்டியைக் குளிப்பாட்டினேன். தோளிலிருந்த துண்டால் மூக்கிலிருந்து வால்வரை அழுந்தத் துடைத்தேன். மடியில் வைத்துப் படம் எடுத்துத் தங்கத்துக்கு அனுப்பினேன். நிமிடத்தில் பதில் வந்தது: "பிள்ளைக்கு முத்துன்னு பேரு வச்சாச்சு."

பிறகு பெருமையோடு குட்டியைத் தாயின் முன்னால் வைத்தேன். மொட்டக்காதி எழுந்து வந்து மோந்தது. தும்மியது. இன்னொரு முறை மோந்தது. அப்புறம் நெற்றியால் குட்டியை ஒரு முட்டு முட்டி உருட்டிவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் நடந்துபோனது.

பழனியம்மாள் வந்து குட்டியைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனார். அவர் முகமும் சுருங்கியது.

"இது குட்டியா, தைல டப்பாவா?"

என் துண்டு எனக்காகப் பேசிக்கொண்டிருந்தது.

"தாய் நக்கித்தானுங்க குட்டிக்கு அடையாளம் வெக்கும். அவ வெக்கறதுக்கு முந்தி நீங்க வெச்சுட்டீங்க."

"அதுக்குக் குளிரும்னு நெனச்சேம்மா..."

"நெனச்சீங்க. சரி. குட்டி தாய்கிட்டச் சேரலீன்னா நீங்க ஆடு கேக்கக் கூடாதுங்ணா. கோவத்துல சொல்லலீங்க. நாளைக்கு அங்க போயும் இப்படித்தான் ஓடி ஓடிப் பண்ணுவீங்க. பாவம், அதுக."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சொன்னது உண்மையாக இருந்ததால் எங்கே தைலம் தேய்ப்பது என்றுகூடத் தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்த டப்பாவை எடுத்து மாடி அறையின் பரணில் வைத்துவிட்டேன்.

பழனியம்மாள் குட்டியை வெந்நீரில் கழுவி, காயவைத்து, தாயின் பாலையே பீய்ச்சி அதன் முதுகில் தடவினார். மேலே உப்பும் பிண்ணாக்குத் தூளும் தூவினார். மொட்டக்காதி பிண்ணாக்கை மட்டும் சுத்தமாக நக்கி எடுத்துவிட்டு, குட்டியை முட்டியது. ஆகவே வேறு வழி: தாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும், குட்டி திருட்டுத்தனமாகக் குடிக்க வேண்டும். பிடிக்கிற வேலை எனக்கு. ஒரு நாளைக்கு ஆறு தடவை, அதன் கழுத்தை என் முழங்காலுக்குள் வைத்து நின்றேன். அது என்னை நிமிர்ந்து பார்க்கும் பார்வை இருக்கிறதே, மூன்று மேலாளர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன், ஒருவரும் என்னை அத்தனை சரியாக எடைபோட்டதில்லை.

நான்காம் நாள் குட்டி குடித்தது. ஐந்தாம் நாள் உதைபட்டு உதைபட்டு, காம்பைத் தேடவே பயந்தது. தூக்கி நிறுத்தினால் நின்றது, விட்டால் மடங்கியது. வயிற்றைத் தொட்டால் விரலுக்கு எலும்பு தட்டியது. தங்கம் காலையிலும் மாலையிலும் கூப்பிட்டாள்.

"முத்து என்ன செய்யுதான்?"

"நல்லா இருக்கான்."

"நீங்க நல்லா இருக்கான்னு சொல்லுத தொனியே நல்லால்லையே. என்ன செஞ்சு வச்சிய?"

சொன்னேன். "கொட்டகை கிடக்கட்டும். அந்தப் பிள்ளையப் பாருங்க" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவளுக்கு ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். அதன் பிறகு எனக்கு ஆறு ஆடு நினைவே இல்லை; ஓர் ஆடு மட்டும்தான்.

ஆறாம் நாள் மத்தியானம் பழனியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்று யோசித்தார். "ஒண்ணே ஒண்ணு பாக்கியிருக்குங்ணா. நாயக் கொண்டாந்து காட்டோணும். நாயப் பாத்தாத் தாய்க்கு பகீர்னு ஆகும். தன் குட்டியா, அடுத்தவ குட்டியான்னு பாக்காது, மறைச்சுக்கும். ஒருக்கா மறைச்சுட்டா அப்புறம் அது அவ குட்டிதான்."

நல்ல யோசனை. நாய்தான் இல்லை. அதாவது பழனியம்மாளிடம் மணி என்று ஒரு நாய் உண்டு. அது ஆட்டுக் குட்டிகளோடு வளர்ந்தது. குட்டிகள் அதன் முதுகில் ஏறிப் படுத்துத் தூங்கும். அதைக் கொண்டுவந்து காட்டினோம். மொட்டக்காதி அதன் காதை நக்கியது. முருகேசனின் நாயைக் கேட்டேன்.

"அது காட்டறதோட நிக்காதுங்க" என்றார் முருகேசன். "போன மாசம் என்னாச்சுன்னு போஸ்ட்மேனைக் கேளுங்க." பிறகு என்னைப் பார்த்தார். மெல்லப் பழனியம்மாளும் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க பழனியம்மா, இவளுக்கு ஒலகத்துலயே ஆகாத ஆளு ஆருங்க?"

"அண்ணன்தான்."

"அப்புறம் என்னத்துக்கு நாயத் தேடிக்கிட்டு?"

பழுப்புக் கம்பளி ஒன்று வந்தது. பரணிலிருந்த தைல டப்பாவும் வந்தது; தாராளமாகப் பூசிக்கொள்ளச் சொன்னார்கள். மொட்டக்காதிக்கு உலகத்தின் அபாயம் எல்லாம் அந்த வாசனையில்தான் இருந்தது. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முழங்காலிட்டு, கைகளை ஊன்றினேன். மூட்டு இரண்டும் தறிக்கூடத்தைவிடப் பெரிய சத்தம் போட்டன. சரியாக அந்த நேரம் மின்சாரம் போயிற்று. தறிகள் நின்றன. தறிக்காரர்கள் பன்னிரண்டு பேரும் காற்று வாங்க வெளியே வந்து வேலியோரம் வரிசையாக நின்றார்கள்.

"நாயாட்ட குலைங்க சாமி" என்றார் பழனியம்மாள்.

"லொள்" என்றேன்.

வேலியோரத்திலிருந்து ஒரு குரல்: "இது பூனைங்க."

இன்னொன்று: "ஆபீஸ் நாயாட்ட இருக்குது. லீவு கேக்குது."

எனக்குக் காது சுட்டது. ஆனால் மண்ணில் மடங்கிக் கிடந்த குட்டியைப் பார்த்தேன். அதன் பக்கவாட்டு எலும்புகள் ஏறி இறங்கின. அதற்குப் பிறகு யார் பார்த்தால் என்ன? முப்பது வருடம் "சரி சார்" என்று விழுங்கிய அத்தனையும் தொண்டைக்கு வந்தது. குரைத்தேன். பல்லைக் காட்டினேன். உறுமிக்கொண்டு நாலு காலில் குட்டியை நோக்கிப் போனேன். வேலியோரம் சிரிப்பு நின்றுவிட்டது.

மொட்டக்காதி கழுத்தை நிமிர்த்தியது. முன்னங்காலால் தரையை ஓங்கித் தட்டியது. ஒரு தட்டு. இன்னொன்று. நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். அது குட்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றது. நான் குட்டியின் பக்கம் கை நீட்டினேன்.

அப்புறம் நடந்தது எனக்குச் சரியாகத் தெரியாது. கொம்பில்லாத தலைதான். ஆனால் தோளில் அம்மிக் குழவி வந்து விழுந்ததுபோல் இருந்தது. கம்பளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். புழுக்கை மேட்டில் மல்லாந்து கிடந்தேன்.

"எந்திரிக்காதீங்க!" பழனியம்மாள் ரகசியக் குரலில் அதட்டினார். "அசையாமப் படுத்திருங்க."

படுத்திருந்தேன். அந்த உயரத்தில் இருந்ததால் மற்ற எவருக்கும் தெரியாதது எனக்குத் தெரிந்தது. மொட்டக்காதியின் கால்களுக்கு நடுவில், தட்டுத் தடுமாறி வந்த ஒரு சின்ன மூக்கு. அது தேடியது, தவறவிட்டது, மறுபடி தேடியது. மொட்டக்காதி என்னையே முறைத்தபடி நின்றது, உதைக்கவில்லை. திடீரென்று குட்டியின் குட்டை வால் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது. பால் இறங்கினால்தான் வால் அப்படி ஆடும் என்று பழனியம்மாள் இரண்டாம் நாளே சொல்லியிருந்தார். மொட்டக்காதி தலையைத் திருப்பி அந்த வாலை மோந்தது. தும்மவில்லை. நக்கியது.

வேலியோரம் யாரோ விசில் அடிக்கப் போய், யாரோ அவர் வாயைப் பொத்தினார்கள். பழனியம்மாள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் புழுக்கை மேட்டிலேயே கிடந்தேன். அதைவிட மெத்தையான படுக்கையில் நான் படுத்ததில்லை.

மறுநாள் காலை வாசலில் ஒரு சிறிய சுமை வண்டி நின்றது. பனி காய்ந்த பிறகு பழனியம்மாள் பட்டிக்குள் போய், ஒவ்வோர் ஆடாகக் கண்ணிமை பார்த்து ஐந்தைப் பிரித்துவிட்டார். ஆறாவதாக மொட்டக்காதியின் கழுத்தைப் பிடித்தார். குட்டி அதன் வயிற்றை ஒட்டிக்கொண்டே வந்தது.

"அம்மா, இவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாதேம்மா."

"அதுக்குத்தானுங்க குடுக்கறேன். உங்கள நம்பாத ஆடு ஒண்ணாவது பட்டியில இருக்கோணும். நீங்க ஓடிப்போய் எதுனாப் பண்ண வந்தா நிறுத்திப் போடும்."

முருகேசன் என்னிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். கொள்ளு. தறிக்காரர்கள் வண்டிக்குப் பின்னால் நின்று ஒரே குரலில் குரைத்து வழியனுப்பினார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே வழியனுப்பு விழா அதுதான். துறைமுகத்தில் ஒரு சால்வையோடு முடித்துவிட்டார்கள்.

நாமக்கல் தாண்டி ஒரு தோசைக்கடையின் புளியமர நிழலில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். அவர் முட்டைத் தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் ஒரு வாளித் தண்ணீரோடு வண்டியின் பின்பக்கம் போனேன். ஐந்து ஆடுகள் தண்ணீரைப் பார்த்தன. முத்து பால் குடித்த வாயோடு பலகை இடுக்கில் மூக்கை நீட்டினான். தொட வேண்டும்போல் இருந்தது. கை தானாகவே நீண்டது.

மொட்டக்காதி முன்னங்காலால் பலகையைத் தட்டினாள்.

வாளியை மெதுவாக உள்ளே வைத்தேன். இரண்டடி பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே குனிந்து குடித்தாள்.